ரேகை விழலம்மா... கண்ணைக் காட்டுங்க!

மாத முதல் வாரத்தில் ஏதாவது ஒரு ரேஷன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வரிசையில் முன்னால் வந்த பாட்டி கட்டை விரலை முந்தானையில் துடைக்கிறார். பிறகு அதே விரலைத் தலைமுடியில் இரண்டு முறை தேய்க்கிறார். எண்ணெய்ப் பசை ஒட்டினால் ரேகை நன்றாக விழும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “அழுத்தாதீங்க, லேசா வைங்க.” விழவில்லை. “ஆள்காட்டி விரல் வைங்க.” விழவில்லை. “இடது கை குடுங்க பாட்டி.” அதுவும் இல்லை. கடைக்காரருக்கு அந்தப் பாட்டியை நன்றாகத் தெரியும். கார்டில் எத்தனை பேர், மகன் எந்த ஊரில் வேலை பார்க்கிறார், போன மாதம் பருப்பு வாங்காமல் போனது எல்லாம் அத்துப்படி. பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும். தெரியாதது அந்தக் கருவிக்கு மட்டும்தான். ஆனால், அரிசி போடலாமா கூடாதா என்று சொல்வது அதுதான்.

தமிழ்நாட்டில் ரேஷனுக்கு ஸ்மார்ட் கார்டு வந்தது 2017-ல். 2020 அக்டோபரில் விரல் ரேகை சேர்ந்துகொண்டது. ரேகை விழாதவர்களின் புலம்பல் பெருகிய பிறகு, கருவிழியைப் படிக்கும் கருவியும் கடைகளுக்கு வரத் தொடங்கியது. யாருக்கெல்லாம் ரேகை விழுவதில்லை என்று விசாரித்தால், ஊரில் கடினமான வேலைகளை யார் செய்கிறார்கள் என்ற பட்டியல் கையில் கிடைத்துவிடும். சிமென்ட் கலவையில் கை வைக்கும் சித்தாள், செங்கல் அறுப்பவர், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்பவர், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரின் விரல் நுனி சோப்பிலேயே வழுவழுத்துப் போகும். முதுமையும் அதையேதான் செய்கிறது. தோல் மெலிந்து, வறண்டு, வரிகளின் மேடு தணிந்துவிடுகிறது. ரேஷன் அரிசியை நம்பிச் சாப்பிடுகிறவர்களின் விரலில்தான் ரேகை குறைவு.

மருந்துகூட ரேகையை அழிக்கும். கேப்பசிட்டபின் என்ற புற்றுநோய் மாத்திரையைச் சாப்பிட்டு வந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, விரல் ரேகை இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் பல மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். 2009-ல் ஒரு மருத்துவ இதழில் இந்த விஷயம் வெளியானது.

நம்மை அடையாளம் காண்பதற்காகச் செய்த கருவிகள் இவை. இப்போதோ, அவை அடையாளம் காணும்படி நம்மை நாமே திருத்திக்கொண்டிருக்கிறோம். பெயரைத் திருத்துகிறோம், பிறந்த தேதியைத் திருத்துகிறோம், முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொள்ளப் பழகுகிறோம். இதை ஏதோ சதி என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும் ஒரு படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர் மனதில் ஒரு மாதிரி மனிதர் இருந்திருக்கிறார். அந்த மாதிரி மனிதருக்கும் நமக்கும் உள்ள தூரத்தை நடந்து கடக்கும் வேலை மட்டும் எப்போதும் நம் தலையில் விழுகிறது.

கைநாட்டு திரும்பி வந்த கதை

விரல் ரேகையை அரசாங்கக் காரியத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் லண்டனில் தொடங்கவில்லை, வங்காளத்தில் தொடங்கியது. 1858-ல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கல் கொடுக்க ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தப் பத்திரத்தின் பின்பக்கம் பதியவைத்தார். ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று பின்னால் மறுக்காமல் இருக்க ஒரு மிரட்டல், அவ்வளவுதான். 1877-ல் அவர் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட் ஆனபோது பத்திரப் பதிவுக்கும் சிறைக்கும் ரேகையைக் கொண்டுவந்தார், ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் கொண்டுவந்தார். செத்துப்போன ஓய்வூதியரின் பெயரில் வேறு யாரோ வந்து பணம் வாங்கிப் போவதைத் தடுக்க! 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தி அடுக்கும் முறையை உருவாக்கியதில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரியது. முறைக்குப் பெயர் வந்ததோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு.

அந்த ரேகை கடல் தாண்டிப் போய் தமிழர்கள் மேல் விழுந்த இடம் தென்னாப்பிரிக்கா. டிரான்ஸ்வாலில் இருந்த ஆசியர்கள் ரேகை பதித்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துத்தான் 1906-ல் காந்தியின் சத்தியாக்கிரகம் பிறந்தது. பத்து விரலையும் பதிப்பது குற்றவாளிகளுக்கான முறை என்பது அன்றைய இந்தியர்களின் பெருங்கோபம். 1908 ஜனவரியில் டிரான்ஸ்வால் அரசின் ஜெனரல் ஸ்மட்ஸோடு சமரசம் ஏற்பட்டு, கட்டாயம் இல்லையென்றால் தாமாகவே முன்வந்து ரேகை தருகிறோம் என்று காந்தி ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 10-ம் தேதி பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பியவரை மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் வழிமறித்து அடித்து வீழ்த்தினார்கள். அடியைத் தடுக்கப் போய் அடிவாங்கியவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு. காந்தி அந்தக் காயத்தோடு, படுக்கையில் இருந்தபடியே ரேகை கொடுத்தார். சமரசம் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 16-ல் ஹமீதியா மசூதி வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகளை ஒரு கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள்.

அன்றைய இனவெறிச் சட்டத்தையும் இன்றைய ரேஷன் கருவியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் கவனிப்பது வேறு. ரேகை கொடுப்பது மானப் பிரச்சினை என்று உயிரைக் கொடுக்கத் துணிந்த சமூகம், நூறாண்டு கழித்து அதை சிம் கார்டு வாங்கப் போகும் இடத்தில் ‘எந்த விரல்?’ என்று கேட்டபடி நீட்டப் பழகிவிட்டது. நடுவில் இன்னொரு கட்டமும் உண்டு. தமிழ்நாட்டில் கைநாட்டு என்பது நெடுங்காலம் ஒரு வசவு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக் கிராமங்களில் இரவுப் பாடம் நடத்தியபோது, குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் முதலில் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டது தங்கள் பெயரைக் கையெழுத்துப் போடத்தான். மைப் பெட்டியில் விரலைத் தோய்க்காமல் பேனா பிடித்தது அவர்களுக்கு ஒரு விடுதலை. இப்போது அதே பெண்கள், அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள், மாவட்ட ஆட்சியர் எல்லோருமே கைநாட்டு. சமத்துவம் இந்த வழியாக வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

எஸ்.கவிதா யார்?

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவின் பல பகுதிகளில் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சாதி தெரிந்துவிடும். இங்கே ஒரு முதலெழுத்து, ஒரு பெயர், முடிந்தது. பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் தமிழர்கள் செய்த சமூகச் சீர்திருத்தங்களில் இதற்கு முதலிடம் கொடுப்பேன்.

கணினிப் படிவம் இதை எதிர்பார்க்கவில்லை. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு அது காத்திருக்கிறது. கடைசிப் பெட்டியைக் காலியாக விட்டால் சிவப்பு நட்சத்திரம் மின்னும். ஓர் எழுத்தை மட்டும் போட்டால் ஏற்காது. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை அங்கே போடுகிறோம். பிறகு மகள் வேலைக்குப் போன இடத்தில் ‘மிஸ் சுப்பிரமணியன்’ என்று கூப்பிடுகிறார்கள், அவள் யாரையோ என்று திரும்பிப் பார்க்கிறாள். மேற்கு நாடுகளில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராகவே உறைந்து, அவரைப் பார்த்தேயிராத பேரப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய் வருகிறது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்டவர்களுக்கு 2022 நவம்பரில் ஓர் அதிர்ச்சி. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்றது ஐக்கிய அரபு அமீரகம். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னும் வேடிக்கை. பெயர் முழுவதும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய்விட்டால், சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதில் அதிகம் அலைகிறவர்கள் பெண்கள். பள்ளிச் சான்றிதழில் எஸ்.கவிதா. வங்கியில் கவிதா எஸ். பான் கார்டில் கவிதா சுப்பிரமணியன். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் ஆர்.கவிதா. நான்கும் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரியும், சர்வருக்குத் தெரியாது. 2023-ல் பான் எண்ணையும் ஆதாரையும் இணைக்கக் கெடு வைத்து, ஜூன் 30 தாண்டினால் பான் செயலிழக்கும் என்று அறிவித்தார்கள். ஆயிரம் ரூபாய் தாமதக் கட்டணம் வேறு. பெயர் பொருந்தாமல் எத்தனை கவிதாக்கள் இ-சேவை மையங்களில் காத்துக் கிடந்தார்கள் என்று அந்த மாதம் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எழுத்துக்கூட்டல் தனிப் பஞ்சாயத்து. பழனி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ‘எல்’ போடுவதா, ‘இசட்-எச்’ போடுவதா? ஆளுக்கு ஒன்று எழுதுவார்கள். பதிவு மையத்தில் ஆங்கிலத்தில் தட்டியதும், தமிழ்ப் பெயரை மென்பொருளே எழுதிக்கொள்ளும். பழனி அங்கே பலனி ஆகிறார், வள்ளி வல்லி ஆகிறார். பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அப்படியே அச்சாகி வீட்டுக்கு வந்துவிடும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றி எழுதிப் பிழையாக்கும் ஏற்பாட்டை என்னால் எந்தக் கோணத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியையும் பாலினத்தையும் ஒருமுறை என்பது விதி. அதற்கு மேல் என்றால் சிறப்பு அனுமதிக்கு அலைய வேண்டும்.

இந்த விதி திருநங்கைகள், திருநம்பிகள் வாழ்க்கையில் எப்படி இறங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2008-லேயே அவர்களுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 2014-ல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்பதைச் சொல்லும் உரிமை அவரவருடையது என்று தீர்ப்பளித்தது. தானே தேர்ந்தெடுத்த பெயரை ஆதாரில் ஏற்றுவது அவர்களுக்கு வெறும் திருத்தம் இல்லை, அதுதான் பிறப்பு. ஆனால் மதிப்பெண் பட்டியல் பழைய பெயரில், வங்கிக் கணக்கு புதிய பெயரில் என்று இருந்தால், வேலை கேட்டுப் போகும் ஒவ்வொரு மேசையிலும் பழைய கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவிகளுக்கு முன்னால் இதெல்லாம் ஒழுங்காக இருந்ததா என்றால், இல்லை. தலைக்கு மேலே கையைப் போட்டு எதிர்க் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொண்ட பள்ளிக்கூடங்கள் நம்முடையவை. பாதி ஊர் ஜூன் மாதத்தில் பிறந்தது அப்படித்தான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று அடையாளம் எழுத, வாத்தியார் மச்சம் தேடிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். ஆனால், அந்தத் தப்பெல்லாம் வளைந்து கொடுத்தது. தாசில்தார் ஒரு கையெழுத்தில் சரிசெய்தார். தாசில்தாரின் கையெழுத்துக்கு எதிரில் இருப்பவர் முகம் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

கண்ணைச் சிமிட்டுங்கள்

ஹூக்ளியில் 1877-ல் ஓய்வூதியர்களுக்குத் தொடங்கிய சோதனை இன்று கைபேசிக்குள் வந்துவிட்டது. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை நிரூபிக்கும் ‘ஜீவன் பிரமாண்’ 2014 நவம்பரில் வந்தது. முதலில் ரேகையும் கருவிழியும். 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. செயலி திரையில் ஒரு வட்டம் வரும், அதற்குள் முகம் இருக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அப்பாவின் எதிரில் போனைப் பிடித்துக்கொண்டு, “சிமிட்டுங்கப்பா... இன்னொரு தடவை... கண்ணாடியக் கழட்டுங்க” என்று மகன் கெஞ்சும் காட்சி இப்போது வீடுதோறும் உண்டு. கருவூலத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வசதி. படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இதைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள்.

முகம் மாறாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இது. நம் ஊரில் முகம் அடிக்கடி மாறும். சபரிமலைக்கு மாலை போட்டால் தாடி, பழனிக்குப் போனால் மொட்டை. 2021-ல் ஹைதராபாத் கார் ஓட்டுநர் ஒருவர் திருமலையில் முடி காணிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பினார். சவாரி எடுக்கும் முன் செல்ஃபி கேட்ட செயலி அவரை வேற்று ஆள் என்று முடிவு செய்தது, கணக்கு முடங்கியது, பிழைப்பு போனது. அப்போது செய்தியாக வந்த சம்பவம். தோல் நிறமும் சேர்த்தி. ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர் நிற ஆண்களிடம் செய்த பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுப்பு நிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது.

மனிதர்கள் சும்மாவும் இருப்பதில்லை. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், பணித்தளத்தில் வேலை செய்பவர்களைச் செயலியில் தினம் இரண்டு முறை படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமானது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. பல இடங்களில் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஏமாற்று வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் கிடைக்காததால் படம் ஏறாமல், வேலை செய்தும் கூலியை இழந்தவரின் கணக்கை எந்தச் சுற்றறிக்கையில் தேடுவது?

மிஸ்டு கால் கொடுத்த பாடம்

கருவியை நம் இஷ்டத்துக்கு வளைத்த வரலாறும் நமக்கு உண்டு. ஒரு ரிங் அடித்துவிட்டு வைத்தால் ‘பஸ் ஏறிட்டேன்’, இரண்டு ரிங் என்றால் ‘வீடு வந்துட்டேன்’. காசு செலவில்லாத இந்தத் தந்தி முறையை எந்த நிறுவனமும் வடிவமைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் வாட்ஸ்அப்பைக் குரல் பதிவாலேயே நிரப்பிவிட்டார்கள். துபாயில் இருக்கும் மகனுக்குக் குழம்பு பக்குவம் முதல் கொழுந்தன் மேல் உள்ள கோபம் வரை ஐந்து நிமிஷப் பதிவாகப் போகிறது. கைபேசியை அவர்கள் கடிதம் எழுதும் கருவியாக ஒருநாளும் பார்த்ததில்லை.

யு.பி.ஐ. இன்னொரு விதத்தில் ஆளை மாற்றியிருக்கிறது. பல வருஷமாக ‘இட்லிக் கடை அக்கா’ என்றே அழைத்தவரின் முழுப் பெயர், க்யூ.ஆர். ஸ்கேன் செய்தபோதுதான் பலருக்குத் தெரிந்தது. சில கடைகளில் ஸ்கேன் செய்தால் வருவது மகன் பெயர் அல்லது கணவர் பெயர். உழைப்பு அக்காவுடையது, கணக்கு யாருடையது என்று திரை சொல்லிவிடுகிறது. ரொக்கம் கல்லாவில் விழுந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, ஒலிப்பெட்டியில் தொகை வந்ததைச் சத்தமாகச் சொல்ல வைக்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பத்தாண்டில் நடந்த நல்ல மாற்றங்களில் அது ஒன்று.

ஆனால் அந்தக் கணக்கு, ஆதார், ஓய்வூதியம் எல்லாமே ஒரு கைபேசி எண்ணில் தொங்குகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் எண் போய்விட்டால் 90 நாள் கழித்து அது வேறு ஒருவருக்குப் போகலாம். அதன் பிறகு உங்கள் ஓ.டி.பி. அவர் போனில் ஒலிக்கும். வயதானவர்களின் பழைய எண்ணைச் சல்லிசாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதாரை ஏற்றது. அதே தீர்ப்பு, வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, பள்ளியில் சேர்க்கவும் கேட்கக் கூடாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஜார்க்கண்டின் சிம்டேகாவில், ஆதார் இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தான குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினியால் என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே, ரேகை விழவில்லை, ஆதார் இல்லை என்பதற்காக மட்டும் யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது, வேறு அடையாளம் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் தர வேண்டும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட செய்தி 2023-ல் கேரளத்தின் குமரகத்திலிருந்து வந்ததும், கருவிழி மட்டும் போதும், அதுவும் இல்லையென்றால் படத்தோடு பதியலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். விதியில் மனிதருக்கு இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கிறது.

கடைசியாக, வீட்டில் குழந்தை பிறந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை அதைத்தான் கேட்பார்கள். அதில் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. பெயர் வைக்கும் விழாவுக்குப் பந்தல் போடும் முன், தமிழில் எப்படி, ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்து, முதலெழுத்து முன்னாலா பின்னாலா, அது அப்பாவுடையதா அம்மாவுடையதா என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி முடிவு செய்துவிடுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் அச்சு எடுக்கும் முன் இரண்டு மொழியிலும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.